மறு: அவுட்லா – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரிட்லி ஸ்காட் 2010இல் எடுத்த ராபின் ஹூட் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் நண்பர், அதில் வரும் அவுட்லா (outlaw) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். அதற்கு நாலைந்து சொற்கள் வந்துவிட்டன. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

> "கொள்ளைக்காரன்" போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் கதை கெட்டுவிடும். ரஸ்ஸல் க்ரோ நடித்த ராபின், தேவாலயத்துக்குப் போகும் தானியத்தை ஒரு ராத்திரி மடக்கி வயலில் விதைக்கிறான். அவன் அடிக்கும் கொள்ளை அவ்வளவுதான். கடைசியில் இங்கிலாந்து மன்னன் ஜானுக்காகக் கடற்கரையில் பிரெஞ்சுப் படையோடு மோதுகிறான். அது முடிந்த கையோடு அதே மன்னன், தருவதாகச் சொன்ன உரிமைப் பட்டயத்தை எரித்துவிட்டு, அவனை அவுட்லா என்று அறிவிக்கிறான். அங்கே "கொள்ளைக்காரன்" என்று போட்டால் மன்னன் ஏதோ வைகிறான் என்றுதான் படும். அவன் வாயிலிருந்து வருவது ஒரு சட்ட ஆணை. அதன் பிறகுதான் ராபின் காட்டுக்கே போகிறான்.

> ஆறலைகள்வர்?

பொருநராற்றுப்படைச் சொல், அழகானது. வழிப்பறிக் காட்சி வந்தால் தாராளமாகப் போடலாம். இங்கே அதுவும் தொழிலைத்தான் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை.

அந்த நிலை என்ன என்று பார்த்தால் சொல் தானாக வரும். இடைக்கால இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவன் வராவிட்டால், கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தின் அடுத்தடுத்த அமர்வுகளில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். ஐந்தாவது தடவையும் வராவிட்டால் அவுட்லா. குற்றம் செய்தானா இல்லையா என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். அவன் பொருள்கள் அரசனுக்குப் போகும். அவனுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. பழைய வழக்கில் அவனை "ஓநாய்த்தலை" என்றார்கள், அதாவது ஓநாயைப் போல யாரும் கொல்லலாம். யார்க்ஷையர் கவுண்டியின் அரசுக் கணக்கில் 1226இல் ராபர்ட் ஹோட் என்று ஓர் ஓடிப்போனவன் வருகிறான். அவனுடைய பொருள்களின் மதிப்பு 32 ஷில்லிங் 6 பென்ஸ். கதையின் ராபின் இவன்தானா என்பது வேறு சண்டை, அதற்குள் போக வேண்டாம்.

ஆக, சட்டத்தை அவன் மீறியது இரண்டாம் பட்சம். சட்டம் அவனைக் காப்பதை நிறுத்திவிட்டது என்பதே சங்கதி. நிஜ ஜான் மன்னன் 1215இல் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தின் 39ஆம் பிரிவில், சுதந்திர மனிதன் எவனையும் முறையான தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் சிறையிடக் கூடாது, நாடுகடத்தக் கூடாது என்று சொல்லும் அதே வரியில் அவுட்லா ஆக்கவும் கூடாது என்று வருகிறது. படத்தில் ஜான் எரிக்கும் பட்டயம் இதற்கு முன்னோட்டம் மாதிரி. எனவே "நாடுகடத்தப்பட்டவன்" என்றும் போட முடியாது, இரண்டும் தனித்தனித் தண்டனை.

> சட்டவிலக்கு, சட்டவிலக்கன். ஊர்விலக்கு போல.

முதலில் எனக்கும் பிடித்தது. ஆனால் வரிவிலக்கு, கட்டணவிலக்கு என்று பழகிய காதுக்குச் சட்டவிலக்கு பெற்றவன் என்றால், சட்டமே தொட முடியாத பெரிய புள்ளி என்றல்லவா கேட்கும்? நேர் எதிர்ப்பொருள்.

> நம் நீதிமன்றங்களின் "அறிவிக்கப்பட்ட குற்றவாளி"?

கிட்டத்தட்ட உறவுக்காரன்தான், ஆள் வேறு. இந்தியச் சட்டத்தில், தலைமறைவாகி அப்படி அறிவிக்கப்பட்டவரின் சொத்தை முடக்கலாம், ஆளைப் பிடிக்கலாம். எவனோ ஒருவன் கொல்ல முடியாது. அவருக்கும் சட்டத்தின் காப்பு உண்டு. அதோடு இதில் "குற்றவாளி" ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் பரிந்துரை: செயலுக்குச் *சட்டக்காப்பு நீக்கம்*, ஆளுக்குச் *சட்டக்காப்பிழந்தவன்*. பன்மைக்கும் மரியாதைக்கும் சட்டக்காப்பிழந்தோர், சட்டக்காப்பிழந்தவர். மன்னித்து மறுபடி சேர்த்துக்கொள்வதும் அந்தச் சட்டத்தில் இருந்தது, அதற்குச் *சட்டக்காப்பு மீட்பு*. நீளம்தான். "காப்பிழந்தவன்" என்று சுருக்கலாம் என்றால், காலையில் காப்பி கிடைக்காதவன் என்று இந்தக் குழுவிலேயே கிண்டல் கிளம்பும். சப்டைட்டிலில் இடம் போதாவிட்டால் மன்னன் பேச்சை வினையாகவே வைக்கலாம்: "இன்று முதல் இவனுக்குச் சட்டத்தின் காப்பு இல்லை." திரையில் இது இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

டாரன் எகர்டன் ராபினாக நடித்து 2018இல் வந்த படத்துக்கும் இதையே போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கவனமாகப் போடவும். அதில் சிலுவைப்போருக்குப் போன ராபின் செத்துவிட்டான் என்று அறிவித்துத்தான் ஷெரிஃப் சொத்தைப் பறிக்கிறான். அந்த இடத்துக்கு நம் சொல் வேண்டாம்.

கொசுறு: இங்கிலாந்து இந்தத் தண்டனையைக் குற்ற வழக்குகளில் சட்டப்படி ஒழித்தது 1938இல். எரால் ஃப்ளின் நடித்த ராபின் ஹூட் படம் வெளியான அதே ஆண்டு!

பெண்ணுக்குச் சட்டக்காப்பிழந்தவள் என்று எழுதத் தயங்குகிறேன். பெண்களுக்கு அந்தக் காலச் சட்டத்தில் வேறு சொல்லே வைத்திருந்தார்கள். சட்டத்துக்குள் உறுதிமொழி கொடுத்துச் சேராதவளை எப்படி வெளியேற்றுவது என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லை அப்படியே "கைவிடப்பட்டவள்" என்று பெயர்த்தால், தமிழில் கணவன் கைவிட்டவள் என்றாகிவிடுகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.