வேலியில பாய்சன் ஓக், காஞ்சதும் கொளுத்திடலாமா?

சரிவுவீடு:
கலிஃபோர்னியாவுல சான் ஹோசேல வீடு வாங்கி ஆறு மாசம் ஆகுது, பின்வேலிக்கு அந்தப்பக்கம் புதர் மண்டின சரிவு, அங்கேர்ந்து ஒரு கொடி ஏறி உள்ள வந்துருச்சு. மூணு மூணு இலையா பளபளன்னு இருந்துச்சு, பிளாக்பெர்ரின்னு நெனச்சு வெறுங்கையாலயே பிடுங்கிட்டேன். அன்னிக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் கழிச்சு முன்கை முழுக்க கோடு கோடா கொப்புளம், ராத்திரி தூக்கமே போச்சு. பக்கத்து வீட்டு தாத்தா பார்த்துட்டு இது பாய்சன் ஓக், தொட்டாலே கொப்புளம் வரவைக்கிற செடின்னுட்டார். பிடுங்கினதை மூலையில குவிச்சிருக்கேன், கொளுத்திடவா? பொண்ணுக்கு மூணு வயசு, அவளுக்கு ஒட்டிக்குமா?

மலைநடை:
ஐயோ கொளுத்தாதீங்க! அதுல இருக்கிற உருஷியால்ங்கிற எண்ணெய் புகையோட போகும், மூச்சுல இழுத்தா நுரையீரலே வீங்கிரும். பையில கட்டி குப்பையில போடுங்க, எந்தத் தொட்டின்னு குப்பைக்காரங்ககிட்ட கேட்டுக்கோங்க. கொப்புளத் தண்ணி யாருக்கும் ஒட்டாது, துணி, ஷூ, நாய் முடியில இருக்கிற எண்ணெய்தான் ஒட்டும், அது மாசக்கணக்கா போகாது. பிளாக்பெர்ரின்னா தண்டுல முள்ளு இருக்கும், இதுல கிடையாது, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளமா இருக்கும். குளிர்காலத்துல இலை கொட்டி வெறும் குச்சியா நிக்கும்போதுதான் ஜாஸ்தி ஏமாறுவோம், குச்சியிலயும் அதே எண்ணெய்தான். மூஞ்சி, கண்ணு வீங்கினா உடனே டாக்டர்கிட்ட போங்க.

முந்திரிக்காடு:
எங்க ஊரு பண்ருட்டி. முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க கையைப் பார்த்திருக்கீங்களா, தோல் எண்ணெய் பட்டு வெந்து கருத்திருக்கும். சேங்கொட்டை, மாங்காய்ப்பால், இந்தப் பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பம்தான். அதனால இது ஒத்துக்காதவங்க சில பேருக்கு மாம்பழத்தைத் தோலோட கடிச்சா வாயைச் சுத்தி அரிக்கும், பார்த்துக்கோங்க.

மலைநடை:
@முந்திரிக்காடு அட, இதான் சங்கதியா, எனக்கு மாம்பழம் தின்னா வர்றது 😅

வேர்பிடுங்கி:
நான் ரெண்டு வருஷமா இதோட மல்லுக்கட்டுறேன். மேல மட்டும் வெட்டினா திரும்ப தழையும், மழை பேஞ்சு மண்ணு இளகினப்போ ஒரு 8 இஞ்சு தோண்டி வேரோட எடுக்கணும். வீட் வேக்கர் (புல், களை வெட்டுற மெஷின்) வேண்டவே வேண்டாம், சாறு மூஞ்சியில தெறிக்கும். சாதா லேட்டக்ஸ் கிளவுஸை எண்ணெய் ஊடுருவிரும், தடியான வினைல் போடுங்க. முடிச்ச கையோட பாத்திரம் கழுவுற சோப்பும் குளிர்ந்த தண்ணியும் வெச்சு துணியால நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, பத்து நிமிஷத்துக்குள்ள கழுவினா பாதி பிரச்சனை போச்சு. சரிவு பெருசுன்னா ஆடு வாடகைக்குக் கிடைக்குது, அதுங்க ஒண்ணும் ஆகாம மேஞ்சிட்டுப் போயிரும்.

சரிவுவீடு:
ரொம்ப நன்றிங்க, கொளுத்தல. துணியெல்லாம் தனியா தோய்க்கப் போட்டாச்சு. ஆனா அன்னிக்கு வெட்டின கத்திரி கராஜ்லயே கிடந்துச்சு, நேத்து என் வைஃப் அதை எடுத்துட்டுப் போய்தான் தொட்டியில கருவேப்பிலை வெட்டியிருக்கா, சாம்பார் வேற வெச்சாச்சு 🤦

வேர்பிடுங்கி:
சாம்பாரைக் கொட்டிருங்க, கத்திரியை ரப்பிங் ஆல்கஹால் (ஸ்பிரிட்) வெச்சு துடைங்க, அவங்களை உடனே கை கழுவச் சொல்லுங்க!!