டிஎன்பிஎல் ஆட்டத்தன்று நன்னாரி சர்பத் ஸ்டால்: 2 லட்சத்தில் என்ன செய்யலாம்?

நத்தம்ரோட்டுக்காரன்:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நன்னாரி சர்பத் காய்ச்சுகிறோம். திண்டுக்கல், மதுரைப் பக்கம் மளிகைக் கடைகளில் பாட்டில் போகிறது. வாங்குகிறவர்கள் எல்லாம் அம்மா, அப்பா வயதுக்காரர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு எங்கள் பெயரே தெரியாது.

நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்போது ஒரு ஸ்டால் போடலாம் என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்து போகும் வழியில் சித்தப்பாவுக்குக் காலி இடம் இருக்கிறது. ஒரு ஈவென்ட் கம்பெனியைக் கேட்டேன். கண்ணில் மாட்டிக்கொண்டு பேட்டிங் ஆடும் விஆர் விளையாட்டு, எல்இடி திரை, செல்ஃபி மேடை எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்கிறார்கள். என்னால் 2 லட்சம்தான் முடியும். கடன் வாங்கியாவது அதைச் செய்யலாமா? பேனரில் அணியின் பெயர், வீரர் படம் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெரினாபக்கம்:

எனக்கு இந்தத் தொழில் தெரியாது, பார்வையாளராகச் சொல்கிறேன். சேப்பாக்கத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு பலமுறை போயிருக்கிறேன். வெளியே எந்தக் கம்பெனி என்ன வைத்திருந்தது என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. வாலாஜா சாலையில் வரிசையில் நின்றது, வாசலில் காவலுக்கு நின்றவர்கள் எங்கள் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டது, சின்னவள் தாகம் என்று அழுதது, இவைதான் ஞாபகம். அன்றைக்கு யாராவது ஒரு டம்ளர் சர்பத் கொடுத்திருந்தால் அவர்கள் பெயரை இன்றைக்கும் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகப் பெயின்ட் அடித்தார்களே, அதை மறக்கவே முடியாது. போட்டி நடந்தது மாமல்லபுரத்தில். ஆனால் சென்னையில் இருந்த நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தில் படம் எடுத்தோம். வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரையோடும் எடுத்தோம். வாங்க வாங்க என்று யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

பந்தல்காரன்:

தம்பி, கடன் வாங்காதீர்கள். பதினான்கு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், கபடியிலிருந்து ஐபிஎல் வரை. மேலே அந்த அம்மா சொன்ன தாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டால் அதில்தான் இருக்கிறது.

விஆர் விளையாட்டுக்கு முதலில் ஒரு கணக்குப் போடுவோம். மாட்டி, ஆடி, கழற்ற ஒருவருக்கு 3 நிமிடம். இரண்டு செட் இருந்தாலும் மணிக்கு 40 பேர். மூன்று மணி நேரத்தில் 120 பேர். அதற்கு 6 லட்சமா? சர்பத் கலக்க நாலு பேரை நிறுத்துங்கள், ஒரு டம்ளருக்கு 20 விநாடி என்று வைத்தாலும் மணிக்கு 720 பேர் கையில் கொடுத்துவிடலாம்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காக, ஸ்டேடியம் பக்கத்தில், பந்து வீசினால் வேகம் காட்டும் மெஷின் வைத்தோம். கூட்டம் அள்ளியது. எனக்கு ஒரே சந்தோஷம். டாஸ் போட்ட சத்தம் கேட்டதும் வரிசையில் நின்ற பாதிப் பேர் உள்ளே ஓடினார்கள். பத்து வயசுப் பையன் ஒருவன், முக்கால் மணி நேரம் நின்றவன், அவனுக்கு முன்னால் இரண்டே பேர். அவன் அப்பா கையைப் பிடித்து இழுக்க, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கம்பெனி என்னவாக ஞாபகம் இருக்கும்? அதற்கப்புறம் எந்த வேலை வந்தாலும் மணிக்கு எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

வந்தவர்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் உதவினால் போதும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பாருங்கள். காலையிலிருந்து சாலையோரம் வெயிலில் நிற்கிறார்கள், வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள் கடந்து போய்விடுகிறார்கள். 1930-லிருந்து வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் போகிறது. அந்த வருடம் கம்பெனி அணிகளை நிறுத்தி நாட்டு அணிகளாக மாற்றியதால் வீரர்களின் செலவு பந்தயம் நடத்துகிறவர்கள் தலையில் விழுந்தது, அதற்குப் பணம் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் இந்த ஊர்வலம். மெனியே என்ற சாக்லேட் கம்பெனி முதல் வருடமே சாக்லேட் கொடுத்தது. இப்போது கொஷொனு என்ற இறைச்சிக் கம்பெனி சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணித் தொப்பி வீசுகிறது. பிடித்தவுடன் ஜனங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். வெயில் அடிக்கிறது, தொப்பி தேவை, அவ்வளவுதான் அதன் ரகசியம். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அருமையாக யோசித்த இலவசப் பொருள் அதுதான்.

அணியின் பெயர், சின்னம், வீரர் படம், லீக்கின் பெயர் எதையும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ‘நாங்களும் ஆட்டத்தைச் சேர்ந்தவர்கள்’ என்று தோன்றும்படி எதுவும் வேண்டாம். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் கோக்கோ கோலா அதிகாரபூர்வ ஸ்பான்சராக இருந்தபோது பெப்சி வெளியிலிருந்தே விளம்பரம் செய்து பெயர் வாங்கியதைச் சிலர் உங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். அது மலைகள் மோதிக்கொண்டது. 2010-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் நெதர்லாந்து–டென்மார்க் ஆட்டத்துக்கு ஒரே மாதிரி ஆரஞ்சு உடையில் வந்த 36 பெண்களை அரங்கிலிருந்து வெளியேற்றினார்கள். பவேரியா என்ற பீர் கம்பெனியின் உடை அது, ஆனால் அதிகாரபூர்வ ஸ்பான்சர் வேறு பீர் கம்பெனி. இரண்டு பெண்கள் மேல் வழக்கே வந்தது, பிறகு கைவிட்டார்கள். உங்கள் தங்கை கையில் பேனரைக் கொடுத்து உள்ளே அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சித்தப்பா இடம் தனியார் இடம் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. பந்தல் சாலையில் நீளக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலும் ஊராட்சியிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

நத்தம்ரோட்டுக்காரன்:

அண்ணே, கண் திறந்த மாதிரி இருக்கிறது. தங்கை விஷயம் உண்மையிலேயே யோசித்து வைத்திருந்தேன், விட்டுவிட்டேன். சர்பத்தோடு கையில் ஏதாவது கொடுக்கவும் ஆசை. பனையோலை விசிறி கொடுக்கலாமா? ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 என்று எழுதி. அப்புறம் பேப்பர் கப் எத்தனை வாங்க வேண்டும்?

பந்தல்காரன்:

விசிறி நல்ல யோசனை தம்பி. வரிசையில் விசிறிக்கொள்வார்கள், உள்ளே சிக்ஸர் போனால் தூக்கிக் காட்டுவார்கள். ஆனால் கம்பு, குச்சி மாதிரி இருப்பதை வாசலில் பிடுங்கிவிடுவார்கள். அதனால் காம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஒன்றை முன்னாடியே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். அதில் உங்கள் கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே போகும் பொருள் அது. பெயர் பந்தலில் பெரிதாக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை. எவர்சில்வர் டம்ளர் 300 வாடகைக்கு எடுங்கள். கழுவ மட்டும் மூன்று பேர், வெந்நீர், இரண்டு தொட்டி. 2,000 டம்ளர் என்றால், ஒன்றுக்கு 30 மில்லி வீதம் 60 லிட்டர் சர்பத். பாதி எலுமிச்சை வீதம் 1,000 பழம். ஐஸ் 150 கிலோ, குடிக்கும் தண்ணீரில் செய்ததுதானா என்று பில்லோடு வாங்குங்கள். மீன் ஐஸ் கலந்துவிட்டால் மூன்று தலைமுறைப் பெயர் ஒரே சாயங்காலத்தில் போய்விடும். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமத்தின் நகலைப் பந்தலில் மாட்டுங்கள்.

சர்பத் கலக்க வாடகைக்கு ஆள் பிடிக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் நன்றாகக் கலக்குவார்கள்?

நத்தம்ரோட்டுக்காரன்:

பாட்டிதான். கேட்டேன், வருகிறேன் என்கிறார். முழங்கால் வலி மட்டும் இருக்கிறது.

பந்தல்காரன்:

உயரமான நாற்காலி போட்டு, நிழலில், முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு டேபிள் ஃபேன் அவருக்கென்று தனியாக.