மீந்த டீயை ஊற்றினால் ரோஜாத் தொட்டி மண் அமிலமாகிவிடுமா?

மண்வெட்டி: "மீந்த டீயைக் கொட்டாதீர்கள், ரோஜாத் தொட்டியில் ஊற்றுங்கள், மண் அமிலமாகிப் பூ கொத்துக் கொத்தாக வரும்" என்று நேற்று இங்கே ஒரு பதிவு. அதற்கு எத்தனை பாராட்டு! படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அரை டம்ளர் டீக்கெல்லாம் மண் அமிலமாகாது. யாராவது அளந்து பார்த்தீர்களா?

துளிர்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பால் சேர்க்காத டீயின் பிஎச் 5 பக்கம். 7க்குக் கீழே இருந்தால் அமிலம் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை பிடிக்கும். அப்புறம் என்ன?

மண்வெட்டி: டீ அமிலம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. மண் அமிலமாகாது என்றேன். மண்ணில் இருக்கும் களிமண்ணும் மக்கிய இலைதழையும் அந்தச் சொற்ப அமிலத்தை அப்படியே தாங்கிக்கொள்ளும். சுத்தமான மழைநீரின் பிஎச்கூட 5.6தான். ஒரு மழைக்கே மண் புளித்துவிடுகிறதா?

துளிர்: மழை கொட்டும் மலைப் பகுதிகளில் மண் அமிலமாகத்தான் இருக்கிறது. நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

மண்வெட்டி: அது பல நூறு வருட மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போனதால். உங்கள் டம்ளர் எத்தனை நூற்றாண்டாக ஊற்றுகிறது? அமிலமாகாது.

தொட்டிச்செடி: ஒரு நிமிடம். எந்த டீயைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பாலும் சர்க்கரையும் போட்டதா, வெறும் டிகாக்ஷனா, வடிகட்டிய தூளா? பால் டீயை ஊற்றினால் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும், தொட்டி நாறும்.

துளிர்: தேயிலைச் செடியே அமில மண்ணில்தான் வளர்கிறது. அதன் இலையைப் போட்டால் மண் மாறாதா?

மண்வெட்டி: மீன் வளர்வது குளத்தில் என்பதற்காக, மீனைப் போட்ட இடமெல்லாம் குளமாகிவிடுமா? உலர்ந்த தேயிலையில் சுமார் 4 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, சரி. ஆனால் நுண்ணுயிர்கள் அதை மக்க வைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். உங்கள் செடி பூத்திருந்தால் வெயிலுக்கும், கிளையை வெட்டிவிடும் கவாத்துக்கும் நன்றி சொல்லுங்கள். அமிலத்தால் அல்ல.

ஜன்னலோரம்: ஆறிய டிகாக்ஷனில் துணியை நனைத்து நான் கண்ணாடி துடைக்கிறேன். விரல் தடம், பிசுக்கு எல்லாம் போய்விடுகிறது. செடியை விட்டு இதையும் பேசலாமே.

மண்வெட்டி: பேசலாம். டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் வெள்ளைத் துணியிலும் பளிங்கிலும் கறை விடும். இரும்பில் பட்டால் கருத்துப்போகும். டானினையும் இரும்பு உப்பையும் கலந்துதான் அந்தக் காலத்தில் மையே செய்தார்கள்.

ஜன்னலோரம்: கண்ணாடி என்றுதானே எழுதினேன்? வாழைப்பழத் தோல் விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததற்குப் பதில் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

மண்வெட்டி: வாழைப்பழத் தோலிலும் நான் சொன்னதுதான் சரி.

தொட்டிச்செடி: டீ பையை அப்படியே புதைப்பவர்களாவது கேளுங்கள். பல பைகளை ஒட்டுவதற்கு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறார்கள். தூள் மக்கினாலும் அது மக்காது. பிரித்துத் தூளை மட்டும் போடுங்கள்.

துளிர்: நான் பையே வாங்குவதில்லை, எனக்கு ஏன் இந்தப் பாடம்? வருடக்கணக்காகச் செடி வளர்க்கிறேன். புத்தகம் படித்துவிட்டு வந்து அதட்டுபவர்கள் தங்கள் ரோஜாவைப் படம் எடுத்துப் போடட்டும்.

மண்வெட்டி: படத்தில் பிஎச் தெரியாது. ஒரே வகைச் செடியை இரண்டு தொட்டியில் வையுங்கள். ஒன்றுக்கு டீ, இன்னொன்றுக்கு அதே அளவு தண்ணீர். இரண்டு மண்ணையும் அளந்து இங்கே போடுங்கள். அதுவரை அமிலமாகாது என்றுதான் சொல்வேன்.

துளிர்: மறுப்பது நீங்கள், அளப்பது நானா? நாளை காலையும் ஊற்றத்தான் போகிறேன்.

தொட்டிச்செடி: பால் டீயா, வெறும் டீயா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மண்வெட்டி: எந்த டீயாக இருந்தால் என்ன, அமிலமாகாது.