ஆலைத் தீயும் அவசர வழிப் பலகைகளும்: உறுப்பினர் அனுபவங்கள்

கோவை, நூற்பாலைப் பராமரிப்புப் பிரிவு:

நான் பணியாற்றிய நூற்பாலையில் ஓர் இரவு ஷிப்டில் புளோரூமில், அதாவது பஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் பகுதியில், தீப்பிடித்தது. பஞ்சோடு கலந்து வந்த பேல் (பஞ்சுப் பொதி) கட்டுக்கம்பித் துண்டு ஒன்று, இரும்பைப் பிடிக்கும் காந்தத்தில் சிக்காமல் தப்பி, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் மோதிப் பொறி கிளப்பியிருக்கிறது. தீயைவிடப் புகைதான் எங்களைத் திணறடித்தது. புகை கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைவதால், கதவு நிலைக்கு மேலிருந்த பச்சை நிற அவசர வழிப் பலகையே முதலில் கண்ணுக்கு மறைந்தது. குனிந்து நடந்தவர்களுக்கு வழிகாட்ட முழங்கால் உயரத்தில் எதுவும் இல்லை. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்த தொழிலாளர்கள் இருவர், அன்றாடம் தாங்கள் உள்ளே வரும் பெரிய வாசலை நோக்கி, அதாவது தீ இருந்த பக்கமாகவே ஓடினார்கள். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் ஒருவர் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பழகிய வாசலைத் தேடி ஓடுவது மனித இயல்பு என்பதால், வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே மாற்று வழியில் ஒருமுறை நடத்திக் காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதன் பிறகு சுவரின் அடிப்பகுதியில் இருளில் ஒளிரும் அம்புக்குறிப் பட்டைகளை ஒட்டினோம். ஆனால் நூற்பாலையில் பறக்கும் பஞ்சுத் தூசி படிந்தால் அந்தப் பட்டை வெளிச்சத்தை உள்வாங்காது, இருளில் ஒளிரவும் செய்யாது. ஆகவே இயந்திரங்களைத் துடைக்கும் அட்டவணையிலேயே அதையும் சேர்த்தோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மேலே அணைந்துவிட்டதாகத் தோன்றும் பேல் உள்ளுக்குள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அதை வெளியே இழுத்துப் பிரித்து, நனைத்து, கண்காணிப்பில் வைக்காமல் மீண்டும் கிடங்கில் அடுக்கக் கூடாது.

திருப்பூர், ஆயத்த ஆடைப் பிரிவு மேற்பார்வையாளர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே படிக்கட்டுகள் இருந்தன; ஆனால் அவை அனைத்தும் தீப்பற்றிய தரைத்தளத்துக்கே இறங்கின, கட்டடத்துக்கு வெளியே தனிப் படிக்கட்டு இல்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, எங்கள் பலகைகள் காட்டும் ஒவ்வொரு வழியிலும் கடைசிவரை நடந்து பார்த்தேன். ஒரு வழி, ஏற்றுமதிக்கான அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில் போய் முடிந்தது. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்ததும் பெட்டிகள் இடம் மாறின, உட்புறமாகத் திறந்த கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டது. ஆனாலும் சரக்கு அனுப்பும் நெருக்கடி வரும்போதெல்லாம் அதே இடத்தில் பெட்டிகள் மீண்டும் வந்துவிடுகின்றன. ஷிப்ட் தொடங்கும் முன் அந்தக் கதவை நானே திறந்து பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.