விண்டோஸ் 10 பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட்: 700 ஜிபி காலி, ஷ்ரிங்க் பண்ணினால் 14 ஜிபிதான் தருகிறது

கட்டபெட்டுப் பனி:
வணக்கம். 2016-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், மொத்தமும் ஒரே சி டிரைவ். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 போடலாம் என்று பார்த்தால் பிராசசர் பழசு என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. நெட், மெயில் எல்லாவற்றையும் மிண்ட்டுக்கு (விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச லினக்ஸ் சிஸ்டம்) மாற்றிவிட ஆசை. ஆனால் அப்பா பசுந்தேயிலைக் கணக்கு போடும் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதனால் இரண்டும் வேண்டும்.

போன வருடம் ஒரு கடையில் "விண்டோஸ் இருக்கட்டும், கூடவே லினக்ஸும் போட்டுக் கொடுங்கள்" என்றுதான் சொன்னேன். மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு மிண்ட் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருட இலைக் கணக்கு போச்சு. அப்பா நோட்டைப் பார்த்துப் பார்த்து மறுபடி பதிந்தார், இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும். அதனால் இந்த முறை நானே செய்யப் போகிறேன். மிண்ட்டுக்கு இடம் ஒதுக்க, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கும் ஷ்ரிங்க் கொடுத்தால் 14 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்கிறது. ஏன்? இன்னொன்று, இங்கே ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும்.

வெலிங்டன் மழை:
தம்பி, முதலில் அந்தக் கணக்கு ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு காப்பி எடு. எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார். அதற்கு முன் எதையும் தொடாதே.

14 ஜிபி விஷயம்: காலி இடம் இருந்தாலும் நகர்த்த முடியாத சில ஃபைல்கள் டிஸ்க்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷன் ஃபைல் (அணைக்கும்போது ராமில் இருப்பதைச் சேமித்து வைப்பது), பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுவது), சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட்டுகள் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருப்பவை) இந்த மூன்றும்தான் பெரும்பாலும். அவை நிற்கும் இடம் வரைதான் விண்டோஸால் சுருக்க முடியும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஹைபர்னேஷனை அணை (கட்டளையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், தமிழில் எழுதினால் அது ஓடாது). பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் (ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குவது) தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் ஒருமுறை ஓடவிட்டு மறுபடி ஷ்ரிங்க் கொடுத்துப் பார். மிண்ட்டுக்கு 100 ஜிபி தாராளம். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறக்காதே. ஹைபர்னேஷன் மட்டும் அணைந்தே இருக்கட்டும், அது போனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், அப்புறம் மிண்ட்டிலிருந்து சி டிரைவில் ஒரு ஃபைலைக்கூட எழுத முடியாது.

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு (லேப்டாப் பூட் ஆகும் முறை) புதிய யுஇஎஃப்ஐயா பழைய லெகசியா என்று பார்த்துக்கொள். மிண்ட் ஏற்றிய பென்டிரைவையும் அதே மோடில்தான் பூட் செய்ய வேண்டும், மாற்றிச் செய்துவிட்டு பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம் என்று தேடுபவர்கள் நிறைய. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பார். ஓடினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வை.

இன்ஸ்டாலரில் 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரி வரும். உன் கடைக்காரர் அழுத்தியது அதைத்தான். நீ 'சம்திங் எல்ஸ்' போய், காலி இடத்தில் மட்டும் எக்ஸ்ட்4 (லினக்ஸின் டிஸ்க் வடிவம்) பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, மிண்ட் உட்காரும் ரூட் என்று கொடு. என்டிஎஃப்எஸ் என்று காட்டும் எதையும் சீண்டாதே, அது விண்டோஸுடையது.

கரண்ட்டுக்குச் சமாதானம் எல்லாம் கிடையாது. ஷ்ரிங்க் ஓடும்போது கரண்ட் போனால் கஷ்டம்தான். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ.

பூம்பாறைப் பூண்டு:
நான் கொடைக்கானல் பக்கம். எதற்கு இவ்வளவு ஆபரேஷன்? லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருக்கிறதா பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) போட்டு ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாட்டலாம். கேடியில் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்குங்கள். மிண்ட் தனி டிஸ்க்கில் இருக்கும், அப்பாவின் சி டிரைவைச் சுருக்கவே வேண்டாம். நான் திண்டுக்கல்லில் வாங்கி வந்து மாட்டினேன். சில லேப்டாப் மட்டும் கேடியிலிருந்து பூட் ஆகாது, அதில் எஸ்எஸ்டியை உள்ளே போட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கேடிக்கு மாற்ற வேண்டும்.

அப்புறம், அப்பாவின் விண்டோஸை அப்படியே அனாதையாக விடாதீர்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பு உண்டு, அப்டேட் பக்கத்திலேயே என்ரோல் லிங்க் வரும்.

கட்டபெட்டுப் பனி:
டிவிடி டிரைவ் இல்லாத மாடல் அண்ணா. வெலிங்டன் அண்ணன் சொன்னபடியே செய்தேன். கோத்தகிரியில் மாமா வீட்டு இன்வெர்ட்டரில், ஞாயிறு காலை. டீஃப்ராக் மட்டுமே மூன்று மணி நேரம், அத்தை இரண்டு முறை டீ கொடுத்துவிட்டு "இன்னுமா ஓடுது" என்று எட்டிப் பார்த்தார். முடிவில் 300 ஜிபிக்கு மேல் கொடுத்தது, 100 மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலேயே ஓட்டி வைஃபை, சவுண்ட் பார்த்தேன், எல்லாம் வேலை செய்தது.

ஒரே ஒரு கோளாறு. அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கணக்கு பதிகிறவர். நேற்று பதிந்ததெல்லாம் முந்தின நாள் தேதியில் விழுந்திருக்கிறது. கடிகாரம் இரவு 11:30 என்று காட்டுகிறது. நெட் என் போனிலிருந்துதான், நான் வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை, அதனால் கடிகாரம் தானாகச் சரியாவதும் இல்லை.

வெலிங்டன் மழை:
சொல்ல மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது. மதர்போர்டு கடிகாரத்தில் மிண்ட் கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று நம்பும். அதனால்தான் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. மிண்ட்டை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி மாற்ற ஒரே ஒரு வரி போதும், அனுப்பியிருக்கிறேன். ஓட்டிவிட்டு விண்டோஸில் நேரத்தை ஒருமுறை கையால் சரிசெய்.

கட்டபெட்டுப் பனி:
சரியாகிவிட்டது அண்ணா. தேதி தப்பிய பதினோரு வரியையும் அப்பாவே திருத்திவிட்டார். இப்போது அவர் கேட்பது வேறு: லேப்டாப்பைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வருவதற்குள், எந்த சிஸ்டம் என்று கேட்கும் பட்டியலில் பத்து விநாடி முடிந்து அதுவாகவே மிண்ட்டுக்குள் போய்விடுகிறதாம், "பச்சையா ஏதோ வருது, என் கணக்கு எங்கடா" என்று போன்.

பூம்பாறைப் பூண்டு:
அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப்பின் செட்டிங் ஃபைலில், மிண்ட்டிலிருந்து, டீஃபால்ட்டை 'சேவ்டு' என்று மாற்றி, சேவ்-டீஃபால்ட்டை 'ட்ரூ' என்று கொடுத்து, அப்டேட் கிரப் ஓட்டுங்கள். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதற்கே போகும். ராத்திரி நீங்கள் மிண்ட் ஓட்டினால், படுக்கும் முன் ஒருமுறை விண்டோஸைத் திறந்து மூடிவிட்டுப் படுங்கள்.