மறுமொழி: அகழாய்வில் ‘கொன்ரெக்ஸ்ற்’ என்பதற்குத் தமிழில் ‘கிடக்கை’

குழும உறவுகளுக்கு வணக்கம்.

அகழாய்வாளர் ‘கொன்ரெக்ஸ்ற்’ (context) என்று குறிப்பதற்கு இந்த இழையில் இதுவரை ‘சூழல்’, ‘சூழமைவு’, ‘பின்புலம்’, ‘சந்தர்ப்பம்’ ஆகிய நான்கு சொற்கள் வந்துள்ளன. முல்லைத்தீவில் உயர்தர வகுப்பு மாணவருக்காக நாங்கள் சிலர் தொகுத்துவரும் சொற்பட்டியலுக்கு இந்தச் சொல் உடனே வேண்டியிருப்பதால், ஐந்தாவதாக ‘கிடக்கை’ என்பதை முன்வைத்து, தனிமடலில் வந்த இரண்டு மறுப்புகளுக்கும் இங்கேயே விடை சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு வேண்டியது, ஒரு பொருள் எந்த மண்படையில் (மண் அடுக்கில்), எந்த ஆழத்தில், எதற்கு மேலும் எதற்குக் கீழும், எவற்றோடு சேர்ந்து மண்ணுக்குள் இருந்தது என்ற முழு உறவையும் ஒரே சொல்லில் அடக்கும் பெயர். ‘சூழல்’ சுற்றாடற் பாடத்துக்குப் போய்விட்டது. அதை இனி மீட்க முடியாது. ‘பின்புலம்’ என்றால் மண் ஏதோ நாடக மேடையின் பின்திரை போலாகிவிடுகிறது. ‘சந்தர்ப்பம்’ காலத்தையும் வாய்ப்பையும் சுட்டுகிறதே தவிர இடத்தைச் சுட்டவில்லை. ‘சூழமைவு’ நல்ல சொல்தான். ஆனால் மொழியியலார் அதை வாக்கியத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டுத் தேர்வுத் தாள்களில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்றொரு வினா வருமே, அதை எழுதியவர் அகழாய்வைப் பற்றி நினைத்திருக்க மாட்டார், ஆயினும் இடஞ்சுட்டாமல் பொருள் விளங்காது என்பதைவிட இந்தத் துறையைச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதை நான் நூலிலிருந்து கற்கவில்லை, கைப்பிழையால் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காக, குளத்துப் புனரமைப்பில் இயந்திரம் வாரிப்போட்ட மண்ணிலிருந்தும் தோட்டக் கிணறுகளின் மண்ணிலிருந்தும் பிள்ளைகள் கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகளைப் பொறுக்கி வந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே எடுத்தோம் என்று கொப்பித் தாளில் எழுதிச் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஓடுகளை, நான் தாளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கழுவித் துடைத்து, விளிம்பு அழகாக இருந்தவற்றை முன்வரிசையிலும் மற்றவற்றைப் பின்வரிசையிலும் அடுக்கி, ‘எமது பிரதேசத்தில் கிடைத்த தொல்பொருட்கள்’ என்று மேலே அட்டையும் எழுதி ஒட்டினேன். பார்க்க வந்த ஒரு தொல்லியல் மாணவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “இது எங்கே கிடந்தது, சேர்?” என்னிடம் விடை இல்லை. அந்த ஓடுகள் அன்றிலிருந்து வெறும் ஓடுகள்.

அந்தப் பிள்ளை ‘கிடைத்தது’ என்று கேட்கவில்லை, ‘கிடந்தது’ என்று கேட்டாள் என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது. ‘கிடைத்தது’ என்பது எடுத்தவனுடைய சொல். அதில் அவனுக்கு வாய்த்த பேறு இருக்கிறது. ‘கிடந்தது’ என்பதில் எடுத்தவனே இல்லை. பொருளும் மண்ணும் மட்டுமே இருக்கின்றன. வன்னிக் காடுகளில் பூசை போட்டு இரவிரவாகப் புதையல் தோண்டுகிறவனுக்கு முதற்சொல் போதும். செய்தித்தாள்களும், ஏன், அருங்காட்சியகப் பலகைகளும்கூட அதே சொல்லோடுதான் நின்றுவிடுகின்றன. ஈழத்துப் பேச்சிலோ ‘கிட’ என்ற வினை இருப்பையே குறிக்கிறது. ‘பானைக்குள்ளே சோறு கிடக்கு’, ‘வீட்டிலே வேலை கிடக்கு’ என்று நாளும் பொழுதும் சொல்கிறோம். அதே வினையடியிலிருந்து படுக்கை, இடம் என்னும் பொருள்களில் அகராதிகளில் ஏற்கெனவே உள்ள ‘கிடக்கை’யை எடுத்து, ‘ஒரு பொருளோ படையோ குழியோ மண்ணுக்குள் பிறவற்றோடு கொண்டிருந்த இட, கால உறவு’ என்று வரையறுத்துக்கொள்ளலாம் என்பதே என் முன்மொழிவு.

இதனால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். இலங்கையில் அகழ்வை ஆளும் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பெயரிலேயே பொருளை வைத்திருக்கிறது. அதை நடத்தும் திணைக்களமும் தமிழில் ‘தொல்பொருள் திணைக்களம்’தான். எது தொன்மையானது என்பதற்கு அந்தச் சட்டம் வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாள். வன்னியின் மன்னன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் 1803 இல் தோற்ற மண்ணில் இருந்துகொண்டு அந்தத் தேதியைப் படிக்கும்போது, அது யாருடைய நாட்காட்டி என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. ஆயினும் இங்கே என் கவலை தேதியைப் பற்றியதன்று. கிளிநொச்சியின் இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். வரண்ட வலயத்துக் கரையோரங்களில் காணப்படும் செம்மண்ணும் அதன் அடியிலுள்ள பரற்படையும் சேர்ந்த அமைவுக்கு நிலவியலாளர் அந்த ஊரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அதற்குள் கற்கால மனிதரின் கருவிகள் உள்ளன. அந்தக் கல்லை எடுத்து வீதியோரக் குவியலில் போட்டால் அது தார் போடக் கொண்டுவந்த சல்லிக்கல்லைப் போலவே இருக்கும். அதைக் கருவி என்று அறிய உடைந்த விதம் உதவும். எவ்வளவு பழையது என்று அறியப் படை ஒன்றுதான் உதவும்.

எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர் மலையிலும் நடந்தது ஏறத்தாழ இதுதான். 2021 ஜனவரியில் அங்கு அகழ்வு தொடங்கியபின் வெளிப்பட்ட பட்டையிட்ட கல்லொன்றின் ஒளிப்படம் கைபேசிகளில் பரவியதும், அது லிங்கம் என்று ஒரு தரப்பும் பௌத்தத் தாதுகோபத்தின் உறுப்பு என்று மறுதரப்பும் உறுதியாகச் சொல்லின. அந்தக் கல்லின் உருவத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம். அது எந்தப் படையில், எதன்மீது, எவற்றோடு கிடந்தது என்ற பதிவைத் தாருங்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்பதற்கு மக்களிடம் சொல் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘சூழமைவுத் தரவுகளை வெளியிடுக’ என்று ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் கடிதம் எழுதாது. ‘கிடக்கைப் பதிவைக் காட்டுங்கள்’ என்று எழுதும்.

இனி மறுப்புகள். சென்னையிலிருந்து எழுதும் ஐயா, தமிழ்நாட்டில் ‘கோப்பைக் கிடப்பில் போட்டார்கள்’ என்றால் வேலை நின்றுபோனது என்று பொருள்படுவதால் ‘கிடக்கை’ நகைப்புக்கிடமாகும் என்கிறார். கிடப்பு வேறு, கிடக்கை வேறு என்பதே என் விடை. அகழ்வு அறிக்கைகள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடப்பதை நினைத்தால் அந்த நகைப்பும் முற்றிலும் பொருந்தாததன்று. அவருடைய அடுத்த கேள்வி கனமானது: கம்பம் உக்கிப்போய் வெறுங்குழி மட்டும் எஞ்சினால், இல்லாத ஒன்று எப்படிக் ‘கிடக்கும்’? 1973 இல் தொல்லியலாளர் எட்வேர்ட் ஹரிஸ் வகுத்த படையுறவு வரைபடத்தில், வெட்டப்பட்ட குழி ஓர் அலகு, அதை நிரப்பிய மண் இன்னோர் அலகு. பொருள் எதுவுமே இல்லாவிடினும் வெட்டு ஒரு நிகழ்வாகக் கணக்கிடப்படும். ஐயா, எங்கள் ஊரில் அந்தக் குழிக்குப் பெயரே ‘கிடங்கு’ என்பதுதான். உங்களுக்கு அது பண்டசாலை. எங்களுக்கு வாழை வைக்க வெட்டுவது. பழந்தமிழில் கோட்டையைச் சூழ்ந்த அகழியும் கிடங்கே. ஆகவே வெட்டுக்குக் ‘கிடங்கு’, அதை நிரப்பிய மண்ணுக்கு ‘நிரவல்’, இரண்டு அலகுக்கும் பொதுப்பெயராகக் ‘கிடக்கை’ என்று கொண்டால் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து அக்கா எழுதிய மறுப்புத்தான் என்னை இரண்டு நாட்கள் எழுதவிடாமல் வைத்தது. முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியை நினைத்துக்கொண்டு கேட்கிறேன், எங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘கிடந்தது’ என்று எழுதுவீர்களா என்று அவர் கேட்டிருந்தார். அங்கே 2023 ஜூன் இறுதியில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின் கீழ் சட்ட வைத்திய அதிகாரிகளும் தொல்லியலாளரும் கட்டங்கட்டமாக அகழ்ந்து 2024 ஜூலையில் முடித்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அங்கே நடந்த வேலையில் ‘தொல்’ என்று சொல்ல எதுவும் இல்லை. வேலி ஓரத்தில் நின்ற தாய்மாருக்கு அது பழங்காலமும் இல்லை. ஆனால் தொல்லியலாளர் அங்கே கொண்டுவந்த கருவி இந்தக் கிடக்கைதான். எந்த எலும்பு எந்த ஆடையோடு, எதன் மேலே, எந்தக் கிடங்கில் என்ற பதிவு குலைந்தால், அடையாளங் காணும் வழியும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய சாட்சியமும் சேர்ந்தே குலையும்.

அக்கா, மரியாதையைப் பற்றி உங்களுக்கு இரண்டு விடைகள். திருமாலின் நின்ற கோலம், இருந்த கோலம் என்னும் வரிசையிலேயே ‘கிடந்த கோலம்’ என்றும் நம்மவர் வணங்கியிருப்பதால், வினையில் இழிவில்லை. அஃறிணை முடிபில்தான் இழிவு இருக்கிறது. எனவே மனிதரைப் பற்றி எழுதும்போது ‘கிடந்தது’ என்ற முடிபைத் தவிர்ப்போம் என்று பட்டியலின் முன்குறிப்பிலேயே எழுதிவிடலாம். இரண்டாவது, இந்த வினை இன்னொரு வேறுபாட்டையும் தருகிறது. உறவினர் கைகால்களை நேராக்கி வைத்த உடல் ‘கிடத்தப்பட்டது’. ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்ட உடல்கள் அப்படியல்ல. கைகள் எங்கே இருந்தன, முகம் எந்தத் திசையில் இருந்தது என்று அகழாய்வாளர் வரைவதெல்லாம் இந்த ஒன்றைத் தீர்மானிக்கத்தான். ஆகவே ‘கிடத்திய கிடக்கை’, ‘எறிந்த கிடக்கை’ என்று இரண்டாகப் பிரித்து எழுதலாம். இரண்டாவதை எழுதக் கை கூசும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக மென்மையான சொல் தேடினால் பதிவு பொய்யாகிவிடும்.

பட்டியலில் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. மேற்பரப்பில் பொறுக்கியவை, இயந்திரம் புரட்டியவை, நான் தாளைக் கழற்றி எறிந்த ஓடுகள் போலக் கிடக்கை இழந்த பொருட்களுக்குப் பெயர் வேண்டும். ‘கிடக்கையிலி’ என்று நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தாங்களாகவே ‘உதிரி’ என்று பதிவேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதை மாற்ற எனக்கு மனமில்லை. மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.