பிரசவ அனுபவத்தை எழுதித் தாருங்கள் (பினாங்கு, பட்டர்வொர்த் பெற்றோர்)

பாயான் பாரு அம்மா:
கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்துவைக்க கிளினிக்கில் தந்த பிங்க் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள். ஆனால் பிரசவத்தில் குழந்தை வரும் வழியைப் பெரிதாக்க வெட்டப் போகிறோம் என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அதை இந்தப் புத்தகத்தில் எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? குழந்தை நலம், டாக்டரும் கெட்டவர் இல்லை. சுகப்பிரசவத்தில் வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவது வேண்டாம் என்றும், தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கட்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நீங்களும் எழுதுங்கள், தொகுத்துத் தாய்சேய் நலப் பிரிவில் கொடுக்கலாம். மருத்துவமனைப் பெயர் வேண்டாம்.

பட்டர்வொர்த் அப்பா:
அப்பாக்கள் எழுதலாம்தானே? மனைவியை உள்ளே கூட்டிப் போனதும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். கையில் அவள் பையும் செருப்பும். அவள் தமிழ்நாட்டுப் பெண், மலாய் அவ்வளவாக வராது. முக்கச் சொல்கிறார்களா, முக்காதே என்கிறார்களா என்றே புரியாமல் திணறியிருக்கிறாள். அப்புறம் வந்த தமிழ் மிஸ்ஸி (தாதி), "இப்ப முக்கும்மா" என்ற பிறகுதான் தெம்பு வந்ததாம். தனியார் துறையில் 2023 முதல் அப்பாக்களுக்கு 7 நாள் சம்பள விடுப்பு இருக்கிறது, நல்லதுதான். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவள் தலைமாட்டில் ஒரு நாற்காலி.

ஜெலுத்தோங், ஓய்வுபெற்ற தாதி:
"மோசமாக நடத்தினார்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும். எந்த ஷிப்ட், எத்தனை மணி வாக்கில், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது ஒருவர் மற்றவரிடம் ஒப்படைப்பதில்தான் பல விஷயம் விட்டுப்போகும். நாலு பேர் எழுதியது ஒரே நேரத்தைக் காட்டினால் மேட்ரன் (தலைமைத் தாதி) அந்த நேரத்தைக் கவனித்துச் சரிசெய்ய முடியும்.

பேறுகால மரணங்களை யார் மேலும் பழி போடாமல் ரகசியமாக ஆராயும் முறை மலேசியாவில் 1991 முதல் உண்டு. ரத்தப்போக்கைச் சமாளிக்க எங்களுக்குக் கிடைத்த பயிற்சியில் அந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு. உயிரோடு வீடு திரும்பியவள் சொல்வதையும் அதே அக்கறையோடு கேட்டால் என்ன?

நல்லதையும் எழுதுங்களம்மா. வெயிலில் வீடு தேடி வந்து குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கும் தாதியை யாரும் எழுதுவதில்லை. பத்தியக் குழம்பைப் பார்த்து முகம் சுளித்தவளை மட்டும் மறக்க மாட்டீர்கள்!

பாயான் பாரு அம்மா:
சரி ஆண்ட்டி, நேரத்தையும் சேர்க்கிறேன். எனக்கு அது காலை ஏழு மணி வாக்கில், ஆள் மாறிக்கொண்டிருந்த சமயம். பட்டர்வொர்த் அண்ணா, அண்ணி சொல்லச் சொல்ல நீங்கள் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். மலாயில் நான் எழுதிக்கொள்கிறேன்.